வெள்ளைக் கோட்டுக்கு மை பூசிய அப்பா

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஜூனியர் பிளாக் பெல்ட்டைப் பற்றியவை. தேர்வுக் காலம் நெருங்குகிறது போலும். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் கராத்தே ஆசிரியை. 31 ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். தேர்வு நடத்தியிருக்கிறேன், தேர்வில் தோற்றும் இருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. ஐந்து ஆண்டுகளாகக் கராத்தே கற்கிறாள். அடுத்த மாதம் ஜூனியர் பிளாக் பெல்ட் தேர்வு. "பத்து வயதில் பிளாக் பெல்ட்டா? எங்கே, என்னைக் கீழே தள்ளச் சொல் பார்க்கலாம்" என்று என் அண்ணன் கேலி செய்ய, அவள் அழுதுவிட்டாள். இது உண்மையான தகுதியா, குழந்தைகளைக் குஷிப்படுத்தக் கொடுக்கும் பொம்மையா?
— ஓர் அப்பா

முதலில் உங்கள் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. ஐயா, உங்களைக் கீழே தள்ளுவதாக அந்த பெல்ட் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. தன்னைவிட இரண்டு மடங்கு எடையுள்ள ஆளைப் பத்து வயதுப் பெண் தள்ளிவிட முடியாது. முடியும் என்று சொல்லும் மாஸ்டர் எவராவது இருந்தால், அவரிடமிருந்து குழந்தையை விலக்கிக் கூட்டிவருவது நல்லது.

சிக்கல் குழந்தைகளிடம் இல்லை. பிளாக் பெல்ட் என்றால் 'கரை கண்டவர்' என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதில் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் அந்த முதல் நிலைக்கு 'ஷோதான்' என்று பெயர். 'ஷோ' என்றால் தொடக்கம், 'தான்' என்றால் படி. அரிச்சுவடியை முடித்துவிட்டார், இனி வாக்கியம் எழுதக் கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் அதன் அளவு. 1882இல் கோதோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, 1883இல் தன் மாணவர்கள் இருவருக்கு முதன்முதலாக ஷோதான் கொடுத்தார். இந்தப் படி முறை சண்டைக் கலையிலிருந்து வந்ததுகூட அல்ல. 'கோ' என்ற பலகை விளையாட்டில் ஆட்டக்காரர்களின் தரத்தைக் குறிக்க ஏற்கெனவே இருந்த முறையைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். இடுப்பில் கறுப்பு நிறம் ஏறியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். கராத்தேக்காரர்களான நாங்கள் இன்னும் தாமதம். கராத்தேயை ஜப்பானில் பரப்பிய ஃபுனாகோஷி கிச்சின் தன் மாணவர்களுக்கு முதல் 'தான்' நிலைகளைக் கொடுத்தது 1924 ஏப்ரலில். ஆயிரம் ஆண்டு மரபு என்று யாராவது மார்தட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஆக, ஆசிரியர் தன் வகுப்பை ஒழுங்குபடுத்திக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. அதைக் குழந்தைகளுக்காக ஒவ்வொரு கலையும் ஒவ்வொரு விதமாக வளைத்துக்கொண்டிருக்கிறது. டேக்வாண்டோவில் இது மிகத் தெளிவு. சியோலில் உள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன் 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 'தான்' கொடுப்பதில்லை. 'பூம்' என்ற தனி நிலையைக் கொடுக்கிறது. அதற்கான பெல்ட் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். 15 வயது ஆனதும் விண்ணப்பித்து அதை 'தான்' ஆக மாற்றிக்கொள்ளலாம். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் இந்தப் பேச்சே கிடையாது. 16 வயது வரை சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று குழந்தைகளுக்கென்றே தனி நிறங்கள். அவர்களுடைய சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி பிளாக் பெல்ட்டுக்குக் குறைந்தபட்ச வயது 19. ஜப்பானின் வாள் கலையான கெண்டோவில் 13 வயதில் ஷோதான் தேர்வு எழுதலாம். ஆனால் அங்கே நிலையைக் காட்டும் பெல்ட்டே இல்லை. பிள்ளை என்ன நிலை என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, வாளைச் சுழற்றும்போதுதான் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அதுதான், பொறாமையோடு சொல்கிறேன்.

நம் கராத்தேயில் ஒரே விதி என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு சங்கமும் தனக்கென்று விதி வைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் கறுப்பு பெல்ட்டின் நடுவே நீளவாக்கில் வெள்ளைக் கோடோ சிவப்புக் கோடோ போட்டு ஜூனியர் என்று காட்டுவார்கள். சில இடங்களில் 'ஷோதான்-ஹோ', அதாவது ஷோதானுக்கு ஒரு படி கீழே நிற்பவர், என்ற பெயரில் கொடுப்பார்கள். ஒன்றுமே வேறுபடுத்தாமல் எட்டு வயதுக் குழந்தைக்கும் பெரியவர்களின் பெல்ட்டையே கட்டிவிடும் இடங்களும் உண்டு. அங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

உங்கள் மகளின் தகுதி உண்மையா என்று கேட்டீர்கள். ஐந்து ஆண்டுகள் அவள் வந்தாள், வியர்த்தாள், இடதையும் வலதையும் குழப்பிக்கொண்டு மறுபடியும் சரிசெய்தாள். பத்து வயது உடம்புக்கும் பத்து வயது மனத்துக்கும் வைத்த தேர்வை எழுதப்போகிறாள். அந்த அளவுகோலில் அது முழு உண்மை. 'ஜூனியர்' என்ற அடைமொழியை எவரும் மறைக்காதவரை அதில் பொய் எதுவும் இல்லை. பெரியப்பாவைத் தள்ளவேண்டாம். தேர்வுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்றரை மணி நேரம் அவள் நிற்காமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். பிறகு அவரைக் குதிரை நிலையில், அதாவது காலை அகட்டி முழங்காலை மடக்கி, இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். நானும் வேடிக்கை பார்க்க வருகிறேன்.

கேள்வி: மகன் 12 வயதில் ஜூனியர் பிளாக் பெல்ட் வாங்கினான். இப்போது 16. பெரியவர்களுக்கான ஷோதானுக்கு மீண்டும் தேர்வு எழுதவேண்டும் என்கிறார் அவனுடைய மாஸ்டர். ஒரு முறை வாங்கியதை மறுபடியும் வாங்கச் சொல்வது நியாயமா? டேக்வாண்டோ படிக்கும் அவன் நண்பனுக்குத் தேர்வே இல்லாமல் மாறிவிட்டது.
— ஓர் அம்மா

நண்பனுக்கு நடந்தது பூம் 'தான்' ஆக மாறியது. அது அவர்களுடைய விதி, அவர்கள் கணக்குக்கு அது சரி. கராத்தேயில் பல சங்கங்கள் மறுதேர்வு வைக்கின்றன. நியாயமா என்றால், நான் சொந்தக் கதையைச் சொல்லித்தான் பதில் சொல்ல முடியும்.

13 வயதில் எனக்கு ஜூனியர் பெல்ட் கிடைத்தது. வகுப்பிலேயே உயரமாக உதைக்கக்கூடியவள் நான். 17 வயதில் அதே தேர்வறையில் போய் நின்றேன், நான்கு ஆண்டுகளுக்கு முன் செய்ததையே செய்து காட்டினால் போதும் என்ற தெனாவெட்டோடு. தோற்றுப்போனேன். என் ஆசிரியர் தாளில் எழுதிய காரணம் மூன்றே சொல்: 'உடம்பு மாறிவிட்டது, தெரியவில்லை.' உடம்பு மாறியது எனக்குத் தெரியவில்லை என்றா, மாறியும் தெரியாததுபோல் ஆடுகிறாய் என்றா? அன்றைக்கு அழுகையில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது, இரண்டும்தான்.

வளர்ச்சி வேகமெடுக்கும் ஆண்டுகளில் எலும்பு முந்திக்கொண்டு நீளும்; தசை இழுபட்டுப் பின்னால் வரும். நேற்றுவரை காதுவரை போன கால் இன்று இடுப்போடு நின்றுவிடும். சமநிலை ஆட்டம் காணும். தூரக் கணிப்பு தப்பும்: கை நீண்டுவிட்டது, மூளை பழைய கையை நினைத்துக்கொண்டே குத்தும். என் வகுப்பில் மூக்கில் அடி விழுவது பெரும்பாலும் 13, 14 வயதுக்காரர்களிடமிருந்துதான். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். தன் கை எங்கே முடிகிறது என்று அவர்களுக்கே தெரியாது.

அடுத்தது, குழந்தைகளின் தேர்வும் பெரியவர்களின் தேர்வும் ஒரே பாடத்திட்டம் அல்ல. 12 வயதில் உங்கள் மகன் சம எடைப் பையனோடு, முகக்கவசமும் மார்புக்கவசமும் மாட்டிக்கொண்டு சண்டையிட்டிருப்பான். இப்போது அவனுடைய குத்தில் ஓர் ஆளை விழவைக்கும் பலம் வந்துவிட்டது. அந்தப் பலத்தைத் தோலைத் தொட்டதும் நிறுத்தத் தெரிகிறதா என்று பார்க்காமல் எந்த ஆசிரியரும் அவனைப் பெரியவர்களோடு நிறுத்தக் கூடாது. 12 வயதில் இந்தக் கேள்வியே எழவில்லை; பதில் சொல்லியிருக்கவும் முடியாது.

ஆனால் உங்கள் மாஸ்டரிடமும் எனக்கு ஒரு வருத்தம். இதை அவர் நான்கு ஆண்டுகளுக்கு முன், பெல்ட் கட்டிய அதே நாளில் சொல்லியிருக்கவேண்டும்: 'இது இத்தனை வயது வரை. அதற்குப் பிறகு இன்ன தேர்வு.' அன்றைக்குச் சொன்னால் அது வழி. 16 வயதில் சொன்னால் பறிப்பதுபோல் இருக்கிறது. உங்கள் கோபம் அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன், அது நியாயமான கோபம். அதை அவரிடம் சொல்லிவிட்டுத் தேர்வுக்கு அனுப்புங்கள்.

நான் இரண்டாவது முறை, ஏழு மாதம் கழித்துத் தேறினேன். உயர உதையை அதற்குள் விட்டுவிட்டிருந்தேன்.

கேள்வி: மாஸ்டர், எனக்கு 11 வயது. ஜூனியர் பிளாக் பெல்ட் தேர்வில் என்னை மட்டும் ஃபெயில் ஆக்கிவிட்டார்கள். ஹெய்யான் கோதான் கட்டாவில் (வரிசையாகச் செய்துகாட்டும் அசைவுகள்) குதித்து இறங்கும்போது விழுந்துவிட்டேன். என் நண்பன் பாஸ். எனக்கு வகுப்புக்குப் போகவே பிடிக்கவில்லை.
— பெயர் போடவேண்டாம்

பெயர் போடவில்லை, தம்பி.

விழுந்த இடத்தைச் சரியாக எழுதியிருக்கிறாய். எந்த இடத்தில் தவறினாய் என்று கேட்டால் பெரியவர்களே 'எல்லாம் நன்றாகத்தான் செய்தேன்' என்பார்கள். நீ இடத்தைக் காட்டிவிட்டாய், பாதி வேலை முடிந்தது.

அந்தக் குதியில் எல்லாரும் உயரத்தைப் பற்றியே யோசிப்பார்கள். விழுவது உயரத்தால் இல்லை. இறங்கியதும் எப்படி நிற்கவேண்டும் என்று காலுக்குத் தெரியாததால். எனவே ஒரு வாரம் குதிக்காதே. இறங்கிய பிறகு இருக்கவேண்டிய நிலையில், கால்களைக் குறுக்காக வைத்து, முழங்காலை நன்றாக மடக்கி, முதுகை நிமிர்த்தி அப்படியே நில். பத்து மூச்சு. தொடை எரியும், எரியட்டும். கண் தரையைப் பார்க்கக் கூடாது. தலை குனிந்தால் உடம்பும் பின்னாலேயே போகும். அடுத்த வாரம் ஒரு சாண் உயரம் குதித்து அதே நிலையில் இறங்கு. மூன்றாம் வாரம் முழுதாகக் குதி.

இன்னொன்று. இந்த ஹெய்யான் கட்டாக்கள் ஐந்தும் யாருக்காக வந்தவை தெரியுமா? ஜப்பானின் ஒகினாவாத் தீவில் இதோசு அன்கோ என்ற முதியவர், 1901இல் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். பழைய கட்டாக்கள் பிள்ளைகளுக்குக் கடினம் என்று இந்த ஐந்தையும் பள்ளி மாணவர்களுக்காக அமைத்தார். அப்போது இவற்றின் பெயர் பினான். ஹெய்யான் என்று மாற்றியவர் ஃபுனாகோஷி. ஆக, நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகள் இந்த இடத்தில் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் விழுந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார். நானும் விழுந்திருக்கிறேன், அதுவும் ஆசிரியரின் காலடியில்.

வகுப்புக்குப் போ. முதல் நாள் மட்டும்தான் கஷ்டம். நண்பனிடம் புது பெல்ட்டைக் காட்டச் சொல்லிக் கேள். நீ கேட்காவிட்டால் அவனுக்கு அதைக் காட்டவும் முடியாது, மறைக்கவும் முடியாது, பாவம்.

கேள்வி: புதிதாகத் தொடங்கிய ஒரு பயிற்சி நிலையத்தில் 'மூன்றே ஆண்டுகளில் ஜூனியர் பிளாக் பெல்ட் உறுதி' என்று மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

வேண்டாம்.

உறுதி கொடுத்துவிட்டால் பிறகு தேர்வு எதற்கு? மூன்று ஆண்டு என்பது மட்டுமல்ல பிரச்சினை. விடாமல் வரும் சுறுசுறுப்பான பிள்ளை நான்கைந்து ஆண்டுகளில் வந்து சேர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 'உறுதி' என்ற சொல்தான் பெரிய பிரச்சினை. எந்த வகுப்பில் சேர்த்தாலும் மாஸ்டரிடம் கேளுங்கள்: கடைசித் தேர்வில் எத்தனை பேர் தவறினார்கள்? ஒருவரும் இல்லை என்று பெருமையாகச் சொன்னால், ஒன்று அவர் தயாரானவர்களை மட்டுமே தேர்வுக்கு அனுப்புகிறவர், அல்லது யாரையும் திருப்பி அனுப்பாதவர். எது என்று ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க விடமாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான். ஜூனியர் பெல்ட் வாங்கிய பிள்ளைகளில் இன்னும் வகுப்பில் இருப்பவர்கள் யார் என்றும் கேளுங்கள். 15, 16 வயதுப் பிள்ளைகள் நான்கு பேராவது அங்கே வியர்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

கேள்வி: பலகையை உடைக்காமல் பிளாக் பெல்ட் தேர்வா? எங்கள் காலத்தில் ஓடு உடைத்தோம். இப்போது என் பேரனுக்கு அதெல்லாம் இல்லை என்கிறார்கள்.
— ஒரு தாத்தா

உங்கள் காலத்தில் உடைத்த விரல் முட்டிகள் மழைக்காலத்தில் வலிக்கின்றனவா, ஐயா? எனக்கு வலிக்கின்றன.

குழந்தையின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பதின்ம வயதின் பிற்பகுதிவரை அது முழுதாக இறுகுவதில்லை. அதில் பலமாக அடிபட்டால் எலும்பின் வளர்ச்சியே கோணலாகிவிடலாம். கடினமான பொருளைக் குத்திக் கையை முரடாக்கும் பயிற்சிக்குப் பேரனை அனுப்பாத மாஸ்டர் விவரம் தெரிந்தவர். சில இடங்களில் சிறுவர்களுக்கு மெல்லிய பலகையைக் காலால் உடைக்கக் கொடுப்பார்கள்.  ஆனால் அதைச் செய்தால்தான் தகுதி என்று நான் நினைக்கவில்லை. கைதட்டல் வாங்கும், அவ்வளவுதான்.

கடுமையாக இருந்தால்தான் தரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே, அங்குள்ள கூட்டமைப்பு 2022இல் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான தேசியத் தனிநபர் போட்டியை ஒழித்துவிட்டது. பிள்ளைகளை எடை குறைக்கச் சொல்வது, நடுவரைப் பெற்றோர் திட்டுவது என்று வெற்றி வெறி தலைக்கேறிவிட்டதுதான் காரணம். அவர்களுக்கே அந்த நிலை என்றால், ஓடு உடைக்காத உங்கள் பேரன் எதையும் இழக்கவில்லை.

கேள்வி: பெல்ட்டைத் துவைத்தால் அதிலுள்ள சக்தி போய்விடும் என்கிறான் மகன். உண்மையா?

நாற்றம்தான் போகும். துவையுங்கள். சாயம் விடும், தனியாகத் துவையுங்கள்.

கேள்வி: மகளுக்கு 14 வயது. பெல்ட்டில் வெள்ளைக் கோடு இருப்பதால் தோழிகள் முன் வெட்கமாக இருக்கிறதாம். கோட்டைப் பிரித்து எடுத்துவிடவா? தைத்துத்தானே இருக்கிறது?

பிரிக்காதீர்கள். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

போட்டிக்கு ஒரு நாள் முன்பு ஒரு பையனின் அப்பா, கோடு வீடியோவில் அசிங்கமாகத் தெரியும் என்று நினைத்து, இரவு உட்கார்ந்து அதன்மேல் கறுப்பு மை பூசியிருக்கிறார். முனையிலிருந்து முனைவரை, விளிம்பு தாண்டாமல், அத்தனை பொறுமையாக. காலையில் பார்த்தபோது எனக்கே முதலில் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் பையனுக்கு வியர்த்தது. மை இறங்கி வெள்ளை உடையின் வயிற்றில் வட்டமாக ஊறி, அங்கிருந்து காற்சட்டைக்கு வழிந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார், காயம் என்று பயந்து. பையன் குனிந்து பார்த்தான். பிறகு பார்வையாளர் பக்கம் அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த மனிதரை நான் திட்டவில்லை. அவர் ஆசைப்பட்டது மகனுக்காக. ஆனால் 'நீ இப்போது இருப்பது போதாது' என்று அந்த மை மகனிடம் சொல்லிவிட்டது. ஒன்பது ஆண்டுகள் வகுப்புக்கு வந்ததைவிட ஒரு சென்டிமீட்டர் அகலக் கோடு பெரிதாகிவிட்டது.

உங்கள் மகளிடம் பேசிப் பாருங்கள். தோழிகளில் எத்தனை பேருக்கு அந்தக் கோட்டின் பொருள் தெரியும் என்று கேளுங்கள். 14 வயது என்றால் பெரியவர்களின் தேர்வுக்கு இன்னும் ஓரிரு ஆண்டுகள்தான் இருக்கும். அதற்குள் மாஸ்டரிடம் சொல்லி, வெள்ளை பெல்ட் சிறுவர்களுக்கு வாரம் ஒரு நாள் முடிச்சுப் போடவும் நிற்கவும் அவள் கற்றுக்கொடுக்கட்டும். ஆறு வயதுக் குழந்தை அவளை 'அக்கா, இது சரியா?' என்று கேட்கும்போது கோடு இருப்பது அவளுக்கே ஞாபகம் இருக்காது.

கேள்வி: உங்கள் ஜூனியர் பெல்ட்டை இன்னும் வைத்திருக்கிறீர்களா?

இருக்கிறது. வகுப்பறைத் தூணில் உதைப்பதற்காகக் கட்டிய மெத்தையின் கயிறு அறுந்துபோனதால், அதை வைத்துத்தான் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். கறுப்பு வெளுத்துச் சாம்பலாகிவிட்டது, கோடு அழுக்கேறி அதுவும் சாம்பலாகிவிட்டது. இப்போது இரண்டும் ஒரே நிறம். என் இடுப்பைச் சுற்றிப் பார்த்தேன், ஒரு சுற்றுக்குமேல் வரவில்லை. தூணுக்குத்தான் சரியாக இருக்கிறது.